தொழுவூராரின் கை

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, டீக்கடைச் சுவரில், சில மாதங்களாக ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறது. நூலாசிரியராக விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி. விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது, அத்தியாயம் பிரிப்பது, தலைப்பு வைப்பது, அட்டை, அச்சு, வெளியீட்டு விழா எல்லாவற்றுக்கும் கூடவே இருந்து நடத்திக் கொடுப்பார்களாம். கட்டணம் உண்டு, தவணையும் உண்டு. 'புக் கோச்' என்று இந்த உத்தியோகத்துக்குப் பெயர். நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். கவிதைக்கும் டிரைவிங் ஸ்கூல் வந்தாயிற்று என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு என் சொந்தக் காரியம் ஒன்று காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிறு பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. படைப்பாளி தன்னந்தனியாக உட்கார்ந்து எழுதுகிறான், அது அப்படியே அச்சாகிறது, அல்லது அச்சாகாமல் கிடக்கிறது என்பது அந்த நம்பிக்கை. இதற்கு நம் மரபில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. தொல்காப்பியத்தின் பாயிரமே அந்த நூலை அதங்கோட்டு ஆசான் கேட்டுத் தெளிந்த பிறகுதான் சபை ஏற்றது என்று சொல்கிறது. நன்னூல் இன்னும் கறாராக, ஒரு நூலுக்கு யார் யார் பாயிரம் எழுதலாம் என்று பட்டியல் போடுகிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று அதற்கு அடுத்தபடியாக எச்சரிக்கிறது. ஆக, புகழ்கிற வேலை வேறொருவருடையது என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது. அந்த வேறொருவர் எதுவரை போகலாம் என்பதை மட்டும் நன்னூலார் சொல்லாமல் விட்டார்.

அச்சு வந்த பிறகு இந்த 'எதுவரை' பெரிய விஷயமாயிற்று. 1835ல் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கியபின் சென்னையில் சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் பெருகின. அதுவரை ஏட்டில் ஒருவர் பெயர்த்தெழுதும்போது ஒரு பாட்டு விடுபட்டால் அந்த ஏட்டோடு போயிற்று. அச்சில் விடுபட்டால் ஆயிரம் பிரதியிலும் விடுபடும். யார் விட்டது, ஏன் விட்டது என்ற கேள்வி அப்போது எழுகிறது. இந்தக் கேள்வியைத் தமிழில் மிகக் கூர்மையாக எழுப்பியது திருவருட்பாவின் முதல் பதிப்பு என்பது என் அபிப்பிராயம்.

சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் பாதையில் இந்தக் கதையின் மனிதர்கள் நடமாடினார்கள். பாடியில் இருக்கும் திருவலிதாயத்தையும், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலிருக்கும் திருமுல்லைவாயிலையும் இராமலிங்கர் பாடியிருக்கிறார். சுந்தரர் பாடிய ஊர் முல்லைவாயில். இன்று மின்ரயில் நின்று புறப்படும் நேரத்தில் அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. பாதை இன்னும் மேற்கே போய்த் திருவள்ளூரைத் தொடுகிறது. அங்கே கோவில் கொண்ட வைத்திய வீரராகவர் மீதும் இராமலிங்கருக்கு ஒரு பஞ்சகம் உண்டு. சைவர் என்று மட்டும் அவரை அடைத்து வைக்க முயன்றவர்களுக்கு இந்தப் பஞ்சகம் எப்போதும் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலையில். அதற்கு முன் இந்த ஊர்களுக்கெல்லாம் நடைதான், அல்லது மாட்டு வண்டி. திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழுவூர்தான் வேலாயுத முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர். அவர் பிறந்தது 1832ல்.

வேலாயுத முதலியார் இராமலிங்கரிடம் வந்து சேர்ந்த கதையை அருட்பா அன்பர்கள் எல்லோரும் சொல்வார்கள். 1849 வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படுவது. இளைஞர் தாமே நூறு செய்யுட்களைக் கட்டி, ஓலையில் எழுதி, சங்கப் பாடல்கள் என்று சொல்லி இராமலிங்கரிடம் நீட்டினார். சோதிப்பதுதான் நோக்கம். இராமலிங்கர் வாங்கிப் பார்த்துவிட்டு, சங்கப் புலவர்கள் இப்படிப் பிழை செய்யமாட்டார்கள், பொருளிலக்கணம் தேறாத கற்றுக்குட்டி எவனோ பாடியது என்றாராம். வேலாயுதர் அவர் காலில் விழுந்து மாணாக்கரானார். புராணச் சாயல் உள்ள கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் இதில் நடப்பது என்ன? ஒரு கைப்பிரதி ஒரு வாசகனிடம் வருகிறது. எழுதியவன் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. வாசகன் பிரதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறான். பெயரைப் பார்த்துவிட்டுப் பிரசுரிக்கும் நம் ஆசிரியர் குழுக்களுக்கு இந்தக் கதையைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது.

இராமலிங்கரே தேர்ந்த பதிப்பாசிரியர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1851ல் ஒழிவிலொடுக்கம், 1855ல் தொண்டமண்டல சதகம், 1857ல் சின்மய தீபிகை என்று மூன்று நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவற்றில் இரண்டாவது இந்தப் பகுதியின் நூலே: படிக்காசுப் புலவர் தொண்டை நாட்டைப் பாடியது. தலைப்பில் 'தொண்டை' என்று ஐகாரம் வரவேண்டுமா, 'தொண்ட' என்று நின்றால் போதுமா என்பதற்கு அவர் எழுதிய விளக்கம் தனி நூல் போலவே விரிகிறது. ஓர் எழுத்துக்கு அத்தனை வாதம் செய்யக்கூடிய மனிதர், தம்முடைய பாடல்கள் என்று வந்தபோது அச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேச விரும்பவில்லை. எழுதினார், யாராவது கேட்டால் கொடுத்தார். பாடல்கள் பலர் கையில் பெயர்த்தெழுதிய பிரதிகளாகச் சிதறின.

இறுக்கம் இரத்தின முதலியார் இங்கே வருகிறார். சென்னையில் இருந்தவர். இராமலிங்கர் 1858ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் போய்க் கருங்குழியில் தங்கியபின், பாடல்களையெல்லாம் திரட்டி அனுப்பும்படி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பாடல்கள் வரவில்லை. பாடல் கட்டு வந்து சேரும்வரை நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவது என்று விரதம் எடுத்தார். இது 1860ல். செய்தி கருங்குழிக்கு எட்டி, அங்கிருந்து வருத்தத்தோடு பதில் வந்தது. அப்படியும் புத்தகம் வெளிவர 1867 பிப்ரவரி ஆயிற்று. ஏழு வருஷம். புதுவை வேலு முதலியாரும் சிவானந்தபுரம் செல்வராய முதலியாரும் இந்த முயற்சியில் இரத்தின முதலியாருக்குத் துணை நின்றவர்கள். ஒரு ஆசிரியனிடமிருந்து கைப்பிரதியைக் கறப்பதற்குப் பட்டினி கிடந்த பிரசுரகர்த்தர் வேறு யாராவது உலக இலக்கியத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறு நாளில் புத்தகம் என்று சொல்கிற டீக்கடைச் சுவர்க்காரர்கள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் கட்டணத்தைக் குறைத்திருப்பார்கள்.

அனுமதி கொடுக்கும்போது இராமலிங்கர் வைத்த நிபந்தனை ஒன்று மிக முக்கியமானது. 'இராமலிங்க சாமி' என்று தம் பெயரைப் போடக் கூடாது. அது ஆரவாரமாக இருக்கிறது, தமக்கு அதில் சம்மதமில்லை என்று கடிதத்தில் சொல்லிவிட்டார். தொழுவூரார் இந்த நிபந்தனையை அட்சர சுத்தமாக நிறைவேற்றினார். சாமி என்று போடவில்லை. திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டார். சாமியாவது எல்லோருக்கும் போடுவது; இது ஒருவருக்கு மட்டுமே என்று செய்த பட்டம். இராமலிங்கர் இதைப் பார்த்துக் கேட்டபோது, 'திருவருட்பிரகாச வள்ளல் ஆர்?' என்ற கேள்வியாகவும் அதைப் பிரித்துப் படிக்கலாமே என்று தொழுவூரார் சமாளித்ததாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, மாணாக்கரின் சாமர்த்தியத்துக்குப் பொருந்துகிற கதை. இன்று உலகம் அந்த மனிதரைக் கூப்பிடுவது இந்தப் பட்டத்தின் கடைசிச் சொல்லால்தான். அவர் தம் கடிதங்களில் கையெழுத்திட்ட பெயரைச் சொன்னால் பலருக்கு யாரென்று விளங்காது.

பெயரோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. மொத்த நூலுக்குத் திருவருட்பா என்று பெயரிட்டார். பாடல்களை ஆறாகப் பகுத்து ஒவ்வொன்றையும் 'திருமுறை' என்றார். நூல் உருவான விதத்தைத் 'திருவருட்பா வரலாறு' என்று 66 பாட்டுகளில் பாடிச் சேர்த்தார். மாணாக்கன் பாயிரம் எழுதலாம் என்று நன்னூல் அனுமதித்திருக்கிறது. அவர் அந்த அனுமதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்லலாம். திருமுறை என்ற சொல் 1867ல் சும்மா கிடந்த சொல் அல்ல. தேவாரம் முதல் பெரியபுராணம் வரை பன்னிரண்டாக வகுக்கப்பட்ட சைவக் களஞ்சியத்துக்கு உரிய சொல். உயிரோடிருக்கும் ஒருவரின் பாடல்களை அந்தச் சொல்லால் குறிப்பது, சைவ உலகத்தின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டுவதற்குச் சமம். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் ஆறுமுக நாவலர்.

1869ல் நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. அதே வருஷம் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்கும் நடந்தது. தொழுவூரார் பதிலுக்கு ஒரு கண்டனம் எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'குதர்க்காரணிய நாச மகா பரசு'. காட்டை வெட்டக் கோடாலி. இந்த அருட்பா மருட்பாச் சண்டை இரண்டு பேரும் போன பிறகும் அடுத்த நூற்றாண்டு வரை நீண்டது. கண்டனங்களையெல்லாம் ப. சரவணன் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார்; தடித்த புத்தகம். அதைப் புரட்டுகிறபோது எனக்குப் படுவது இதுதான். சண்டையின் பெரும்பகுதி பாடல்களைப் பற்றியதே அல்ல. அருட்பா என்று எப்படிச் சொல்லலாம், திருமுறை என்று எப்படிச் சொல்லலாம், கோவிலில் தேவாரத்தின் இடத்தில் இதை எப்படிப் பாடலாம் என்பவைதான் பிரச்னை. முதல் இரண்டும் இராமலிங்கர் செய்தவை அல்ல, அவருடைய பதிப்பாசிரியர் செய்தவை. நாவலர் குறி வைத்தது இராமலிங்கரை. அம்பு தைத்த இடம் தொழுவூராரின் தலைப்புப் பக்கம். நாவலரும் பதிப்பாசிரியர்தான். தலைப்புப் பக்கத்தின் மதிப்பு என்னவென்று அவருக்குத் தெரியாமலிருந்திருக்காது.

இனி ஆறாவது கட்டு. 1867ல் வந்தவை முதல் நான்கு திருமுறைகள். ஐந்தாவது 1880ல் வந்தது. ஆறாவது தொழுவூரார் கையால் வரவேயில்லை. 1885ல் வேறு அன்பர்கள் அதை அச்சிட்டார்கள். அப்போது தொழுவூரார் உயிரோடுதான் இருந்தார்; 1889ல்தான் காலமானார். சாதியையும் சமயத்தையும் சாத்திரத்தையும் உதறிய பாடல்கள் இருப்பது இந்த ஆறாவதில். 1872ல் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் இருப்பதும் இதில்தான். இன்று நாம் நவீன மனத்தோடு இராமலிங்கரைப் படிக்கிறோம் என்றால் பெரும்பாலும் இதைத்தான் படிக்கிறோம். முதல் ஐந்தில் இருப்பவர் மிகச் சிறந்த பக்திக் கவி. பக்திக் கவிகள் நம்மிடம் வேறு சிலரும் உண்டு. ஆறாவதில் இருப்பவரைப் போல் இன்னொருவர் இல்லை.

ஏன் நிறுத்தி வைத்தார்? தொழுவூராரைத் திட்டுவது சுலபம். சைவப் பழமைக்குப் பயந்து புரட்சியை அமுக்கிவிட்டார் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. முதலாவதாக, ஆறாவதில் அடங்கியவற்றில் பல 1867க்குப் பின் பாடியவை. இரண்டாவதாக, இராமலிங்கர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டது 1874 ஜனவரி 30. முதல் பதிப்புக்கும் அதற்கும் இடையில் ஏழு வருஷம் இருந்தது. வேண்டுமென்றால் வேறு ஒருவரிடம் கொடுத்திருக்கலாம். தொண்டமண்டலத்து ஐகாரத்துக்காக வாதாடியவருக்கு அச்சுக்கூடத்துக்கு வழி தெரியாமலில்லை. அவரும் பொறுத்திருந்தார். மூன்றாவதாக ஒரு சாட்சியம். 1882ல் பிரம்மஞான சபையாருக்குத் தொழுவூரார் கொடுத்த வாக்குமூலம் அவர்களுடைய பத்திரிகையில் வந்தது. அதில் அவர் தம் குருவின் சங்கத்தைச் சர்வ மனித சகோதரத்துவத்தை அடிப்படையாகக் கொண்டதென்று வர்ணிக்கிறார். அதாவது ஆறாவது கட்டின் சாரம் அவருக்கு விளங்காமலில்லை, மறுப்பும் இல்லை. பிரசிடென்சி கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர், வெளியூர்க்காரர்களிடம் அதை வாய்விட்டுச் சொல்கிறார். தமிழில், அச்சில், திருமுறை என்று தாமே பெயரிட்ட ஒரு பகுதியாக அதை வெளியிட மட்டும் கை வரவில்லை.

என் ஊகம் ஒன்று. அவர் திருமுறை என்று பெயர் வைத்த கணத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டார். நாவலரின் தாக்குதலுக்கு எதிராக 1869ல் அவர் நிறுவ வேண்டியிருந்தது, இவை சைவத்துக்கு உள்ளே நிற்கும் பாடல்கள் என்பதை. அதை அத்தனை உரக்க நிறுவியபின், சைவத்தையே தாண்டிப் போன பாடல்களை அதே பெயரில் எப்படி நீட்டுவது? தாம் கட்டிய சட்டத்துக்குள் படம் அடங்கவில்லை. படத்தைப் பரணில் வைத்துவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சரி என்றும் சொல்லமாட்டேன்.

இதே வருஷங்களில் உலகத்தின் மறுகோடியில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 1862 ஏப்ரலில், இரத்தின முதலியார் கருங்குழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆமர்ஸ்ட் என்ற சிற்றூரில் இருந்த எமிலி டிக்கின்ஸன் நான்கு கவிதைகளை ஹிக்கின்ஸன் என்ற இலக்கியவாதிக்கு அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் பிரசுரத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். அவள் இறந்தபின் 1890ல் அதே ஹிக்கின்ஸனும் மேபல் டாடும் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பு வைத்து, நிறுத்தக் குறிகளைச் சீர்படுத்தி. அவள் எழுதியபடியே, கால வரிசையில், முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று. திருவருட்பாவின் கதையும் ஏறக்குறைய இதே நடையில் போகிறது. 1892ல் பொன்னேரி சுந்தரம் பிள்ளை ஆறு திருமுறைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாக, கடிதங்களையும் உரைநடையையும் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தார். மேலே சொன்ன பட்டினிக் கடிதமெல்லாம் நமக்குத் தெரிவது அவருடைய உழைப்பால்தான். கால வரிசைப் பதிப்பை ஊரன் அடிகள் 1972ல் வெளியிட்டார். முதல் பதிப்பிலிருந்து 105 வருஷம்.

ஹிக்கின்ஸனையும் தொழுவூராரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். ஹிக்கின்ஸனுக்கு அவள் கவிதை முழுதாகப் பிடிபடவில்லை, தொழுவூராருக்குப் பிடிபட்டது. உண்மைதான். அதனால் தொழுவூராரின் வழக்குத்தான் கடினமானது.

நம் காலத்தில் கைப்பிரதியோடு உட்கார்ந்து வேலை செய்வது என்றால் க்ரியா ராமகிருஷ்ணனைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1974ல் க்ரியா தொடங்கியது. 2020 நவம்பரில் அவர் கொரோனாவில் இறந்தார். 1994ல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அச்சாகும் முன் அவர் கைபட்ட நாவல் என்பது ஊரறிந்த செய்தி. அவரைப் பற்றி வேறொரு சமயம் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். ஆசிரியன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது செய்யும் எடிட்டிங்கில் சண்டை போட ஒரு ஆள் இருக்கிறார். ஆசிரியன் இல்லாதபோது அந்தச் சண்டையை எடிட்டரே இரண்டு பக்கமும் போட வேண்டியிருக்கிறது.

என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். கவிதை எழுதினார் என்பது எங்களில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் பெயர்த்து வைத்திருக்கிறார். அவருடைய மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "அண்ணா, இதை நீங்களே பார்த்து ஒழுங்குபண்ணி ஒரு புஸ்தகமாப் போட்டுடுங்க, அவர் உங்ககிட்டதான் பேசுவார்" என்றார். நூற்று நாற்பது கவிதைகள் இருந்தன. அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவர் நண்பரின் தமையனார். ஊரில் கோவில் நிர்வாகத்தில் இருக்கிறவர், நல்ல மனிதர்.

கவிதைகளைப் பகுத்தேன். பட்டறை, ரயில், மனைவி, மழைக்காலத்துக் கொரட்டூர் ஏரி என்று நான்கு பகுதிகள் தாமாகவே விழுந்தன. பதினோரு கவிதைகள் எதிலும் அடங்கவில்லை. ஊரைப் பற்றியவை, கோவிலைப் பற்றியவை, யார் உள்ளே போகலாம் யார் போகக் கூடாது என்பதைப் பற்றியவை. ஒன்றில் தமையனார் பெயர் சொல்லாமல் வருகிறார். ஊர்க்காரர்கள் படித்தால் உடனே தெரிந்துவிடும். நோட்டிலேயே அவைதான் சிறந்தவை. அவற்றைத் தனியாக எடுத்து ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்தேன், பகுப்பு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று. பகுப்பு முடிந்துவிட்டது. தொகுப்புக்கு நானே ஒரு தலைப்பும் வைத்திருக்கிறேன். நண்பர் எதற்கும் தலைப்பு வைத்தவர் அல்ல. முன்னுரையும் எழுதியாயிற்று. தொழுவூராரைப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

போன வாரம் அச்சகத்திலிருந்து முதல் ப்ரூப் வந்தது. நான்கு பகுதிகளும் இருக்கின்றன. நண்பரின் மனைவிக்கு உறையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். உறையை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.